பேயும் மெய்யும்: புதுமைப்பித்தன் கதைகளில் அச்சத்தின் தத்துவம்



"பேய் உண்டா, இல்லையா?" என்று உங்களுள் ஒருவரைப் பகல் பன்னிரண்டு மணிக்கு வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் மறித்துக் கேட்டேனாயின், அவர் என்ன விடை கூறுவார்? காய்கறிப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "உமக்கு வேறு வேலை இல்லையா, ஐயா?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். அதே கேள்வியை அதே மனிதரிடம் நள்ளிரவில், மின்விளக்கு அணைந்துபோன ஓர் ஒழுங்கையில், கடற்காற்றும் தூரத்துப் புகையிரதத்தின் ஒலியும் தவிர வேறொன்றும் இல்லாத வேளையில் கேட்டால் எப்படி இருக்கும்? சிரிப்பு வராது. விடையும் உடனே வராது.

பகலில் அவர் அறிந்திருந்த உண்மை இரவில் எங்கே போயிற்று? அது எங்கும் போகவில்லை. அவருடைய அறிவு அவரிடமே இருக்கிறது. பேய் இல்லை என்பதை அவர் இரவிலும் அறிவார். ஆயினும் அந்த அறிவு அப்பொழுது அவருக்குத் துணை செய்வதில்லை. அறிவு ஒரு கரையிலும் அச்சம் மறு கரையிலுமாக நிற்க, நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றின் ஆழத்தை அளக்க முயன்ற தமிழ் எழுத்தாளர் ஒருவரைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். அவர் புதுமைப்பித்தன்.

அவருடைய பேய்க்கதை ஒன்றைப் படித்தவர்கள், பேய் பிசாசுகளில் உமக்கு நம்பிக்கை உண்டோ என்று அவரைக் கேட்டார்களாம். நம்பிக்கை இல்லைதான், ஆனால் பயமாக இருக்கிறதே என்னும் பொருள்பட அவர் விடையிறுத்ததாகச் சொல்வதுண்டு. கேட்டவர்கள் இதை வேடிக்கைப் பேச்சு என்று எண்ணியிருக்கலாம். என் கருத்தில் இதைவிட நேர்மையான தத்துவ வாக்குமூலம் ஒன்றைக் காண்பது அரிது.

இதே வாக்குமூலத்தை நான் சிறுவனாக இருந்தபோதே அளித்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையே ஒரு பெரிய புளியமரம் நின்றது. அதில் முனி இருக்கிறது என்பது ஊரார் துணிபு. முனியும் இல்லை, கொத்தியும் இல்லை, எல்லாம் மனப்பிரமை என்று எங்கள் விஞ்ஞான ஆசிரியர் விளக்கியிருந்தார். நானும் அதை முழுமனதோடு ஏற்றுக்கொண்டேன். அன்று மாலையே அந்தப் பாடத்தை ஆச்சிக்கு ஒப்புவிப்பதற்காக வீடு நோக்கி வந்தவன், புளியமரத்தடியை நெருங்கியதும் ஓட்டம் பிடித்துவிட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "ஆச்சி, பேய் எண்டு ஒண்டும் இல்லையாம்" என்றேன். ஆச்சி பாக்குவெட்டியை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேய் இல்லையெண்டு படிச்சனி எண்டால், பேந்தேன் ராசா ஓடி வந்தனி?" என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின், கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை அறையில் இருந்து 'காஞ்சனை' என்ற கதையைப் படித்தபோது, ஆச்சியின் கேள்வியை வேறொருவரும் கேட்டிருக்கிறார் என்பதை மட்டும் அறிந்துகொண்டேன்.

சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயர் கொண்ட புதுமைப்பித்தன் 1906 இல் பிறந்தவர், திருநெல்வேலியைச் சார்ந்தவர். 1934 முதல் 'மணிக்கொடி' இதழில் அவருடைய கதைகள் வெளிவரத் தொடங்கின. பின்னர் 'தினமணி' நாளிதழில் பணியாற்றினார். 1948 ஆம் ஆண்டு யூன் மாதம் 30 ஆம் நாள், காசநோய்க்கு இரையாகித் திருவனந்தபுரத்தில் காலமானார். வாழ்ந்தது நாற்பத்திரண்டு ஆண்டுகள். எழுதிய கதைகள் ஏறத்தாழ நூறு. அவற்றுள் ஒரு பகுதியே பேயும், பிரமையும், சாவும், சுடலையும் இடம்பெறும் கதைகள். அவரைப் பேய்க்கதை எழுத்தாளர் என்று மட்டும் அடைத்துவிடுதல் முறையாகாது. ஆயினும் அச்சத்தைத் தத்துவ விசாரணைக்கு ஒரு கருவியாகக் கையாண்ட தமிழ்ச் சிறுகதை ஆசிரியர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் அவரே. அக்கதைகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் மூன்று. மனித அறிவின் எல்லை எது என்பது ஒன்று. காலத்தையும் சாவையும் மனிதன் எவ்வாறு எதிர்கொள்வது என்பது இரண்டாவது. நாம் அஞ்ச வேண்டியது உண்மையில் எதற்கு என்பது மூன்றாவது.

இக்கேள்விகளுக்குள் நுழையுமுன், தமிழிலக்கியத்துக்குப் பேய் புதிய விருந்தாளி அன்று என்பதை நினைவுகூர்தல் நலம். செயங்கொண்டாரின் 'கலிங்கத்துப்பரணி'யில் பேய்கள் போர்க்களத்திலே கூழ் அட்டு உண்டு களிப்பதை நாம் படித்திருக்கிறோம். காரைக்கால் அம்மையார் தம் அழகிய உடலை உதறிப் பேய் வடிவத்தை இறைவனிடம் வேண்டிப் பெற்றார். மணிமேகலைக் காப்பியத்திலோ இதனினும் ஆழமான ஒரு கதை உண்டு. சார்ங்கலன் என்னும் அந்தணச் சிறுவன் தனியே சுடுகாட்டுக் கோட்டத்துள் புகுந்து, அங்கே பேயின் ஆடலைக் கண்டு அஞ்சி, ஓடிவந்து தாயிடம் சொல்லி உயிர் துறக்கிறான். கண்ணிழந்த கணவனையும் உடைய அந்தத் தாய் கோதமை, மகனின் உடலைத் தழுவி எடுத்துக்கொண்டு சம்பாபதித் தெய்வத்தின் முன் நின்று, பேய் என் மகனின் உயிரை உண்டதே என்று முறையிடுகிறாள். தெய்வம் கூறும் விடை வியப்புக்குரியது. அணங்கும் பேயும் எவருடைய உயிரையும் உண்பதில்லை; சிறுவனின் அறியாமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு அவனுடைய வினையே அவன் உயிரைக் கொண்டது என்கிறது அத்தெய்வம்.

இதைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். பேய் இருக்கிறது என்று கதை சொல்கிறது. ஆனால் கொன்றது பேயன்று என்றும் சொல்கிறது. பேயைக் காட்டி, பேய்க்கு அப்பாலுள்ள ஒன்றைச் சிந்திக்க வைப்பது பழந்தமிழ் மரபிலேயே வேரூன்றிய வழக்கம். மேல்நாட்டில் எட்கார் அலன் போ, தம் கதைகளில் காணும் அச்சம் செர்மானியக் கதை மரபிலிருந்து இரவல் வாங்கியதன்று, அது ஆன்மாவிலிருந்து எழுவது என்ற கருத்தை 1840 இல் வெளிவந்த தம் கதைத் தொகுதியின் முன்னுரையிலே தெரிவித்தார். புதுமைப்பித்தன் மேல்நாட்டுக் கதைகளை ஆழ்ந்து கற்றவர், பலவற்றைத் தமிழாக்கியவர். மேரி ஷெல்லி 1818 இல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' நாவலைப் 'பிரேத மனிதன்' என்ற பெயரில் தமிழுக்குத் தந்தவரும் அவரே. மணிமேகலையின் சுடுகாடும் போவின் ஆன்ம அச்சமும் அவரிடத்தில் ஒன்றாய்ச் சேர்ந்தன என்று கொள்ளலாம்.

இனி முதற் கேள்விக்கு வருவோம்.

'காஞ்சனை' 1943 இல் வெளிவந்த கதை. அதைச் சொல்பவன் ஓர் எழுத்தாளன், படித்தவன். கற்பனையாகப் பொய் சொல்வதே தொழிலாகக் கொண்டவன் என்பதால், பொய்யை இனங்காணவும் வல்லவன் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஓரிரவு அவனுக்கு உறக்கம் வரவில்லை. இன்னதென்று தெளிய முடியாத ஒரு வாசனை அறையில் வந்து போகிறது. பின்னர் வாசலுக்குப் பிச்சை கேட்டு ஒரு பெண் வருகிறாள். அவன் மனைவி இரக்கப்பட்டு அவளை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவள் பெயர் காஞ்சனை. அவளுடைய பாதம் தரையில் பாவவில்லையோ என்று அவனுக்கு ஒரு கணம் தோன்றுகிறது. மறுகணமே அது கண்ணின் மயக்கமோ என்ற ஐயம் பிறக்கிறது. ஒரு சமயம் மனைவியின் கழுத்திலே ஓர் இரத்தத் துளியைக் காண்கிறான். அதற்கும் எளியதொரு காரணம் சொல்லிவிடலாம். இவ்வாறு கதை முழுவதும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இரண்டு விளக்கங்கள் பொருந்தி நிற்கின்றன. இறுதியில் நள்ளிரவிலே கோடங்கி ஒருவன் வருகிறான், திருநீறு தருகிறான், காஞ்சனையும் போய்விடுகிறாள். வந்தவள் யார் என்ற முடிச்சை ஆசிரியர் அவிழ்க்கவேயில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனைவிக்கு அச்சமே இல்லை. அவள் காஞ்சனையோடு பேசுகிறாள், கதை கேட்கிறாள், வீட்டு வேலையைப் பகிர்ந்து கொடுக்கிறாள். அஞ்சுபவன் கற்றறிந்த கணவன் ஒருவனே. கல்வி அச்சத்தைப் போக்கும் என்று நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கையை ஆசிரியர் மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்து விடுகிறார். பேய் இல்லை என்று முடிவு கட்டியவனுக்குப் பேய் வந்தால், அவனிடத்தில் அதற்கு மாற்று மருந்து ஒன்றும் கிடையாது. நம்புகிறவனுக்கேனும் வேப்பிலையும் திருநீறும் உண்டு. நம்பாதவனோ வெறுங்கையோடு நிற்கிறான். ஈற்றில் அவனும் அந்தத் திருநீற்றையே பெற்றுக்கொள்ள நேர்வதுதான் கதையின் கூர்மையான முரண்.

1970 இல் தொதோரோவ் என்ற இலக்கியக் கொள்கையாளர் இத்தகைய கதைகளின் இலக்கணத்தை ஆராய்ந்தார். நிகழ்ந்ததை இயற்கை என்று கொள்வதா, இயற்கைக்கு அப்பாற்பட்டது என்று கொள்வதா என்று வாசகன் தயங்கி நிற்கும் அந்தத் தயக்கமே இவ்வகை இலக்கியத்தின் உயிர் என்பது அவருடைய துணிபு. அதற்கு இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே, தயக்கத்தை மட்டுமே சுவராகவும் கூரையாகவும் கொண்டு தமிழில் ஒரு வீடு கட்டப்பட்டிருந்தது.

இத்தயக்கம் நம் தத்துவ மரபுக்குப் புறம்பானதும் அன்று. கயிற்றைப் பாம்பென்று கண்டு மயங்கும் உவமையை வேதாந்திகள் எடுத்தாளுவதை நாம் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். புதுமைப்பித்தனின் இறுதிக் காலக் கதைகளுள் ஒன்றுக்குக் 'கயிற்றரவு' என்றே பெயர். 'நான்' என்று மனிதன் பிடித்துக்கொண்டிருக்கும் உணர்வும், நேற்று, இன்று, நாளை என்று அவன் அளந்துகொண்டிருக்கும் காலமும் கயிற்றிலே தோன்றிய அரவு போன்றவையோ என்று அக்கதை வினவுகிறது.

அந்த உவமையில் நாம் பெரும்பாலும் கவனியாத நுட்பம் ஒன்று உண்டு. நல்ல வெளிச்சத்திலே கயிறு கயிறாகவே தெரியும். முழு இருளிலே கயிறும் தெரியாது, பாம்பும் தெரியாது. பாம்பு தோன்றுவதற்கு அரைகுறை வெளிச்சம் வேண்டும். புதுமைப்பித்தனின் மாந்தர் பலர் அந்த அரை வெளிச்சத்திலே வாழ்ந்தவர்கள். ஒரு கண்ணில் ஆங்கிலக் கல்வி. மறு கண்ணில் பாட்டியின் கதை. பழைய நம்பிக்கை கைவிட்டுப் போயிற்று. புதிய நம்பிக்கை இன்னும் கைக்கு வந்து சேரவில்லை. நாம் மட்டும் வேறு எங்கே வாழ்கிறோம்? காலையில் கணினிக்கு முன் அமர்ந்து தொழில் செய்கிறோம். மாலையில் வீட்டுக்குக் கண்ணூறு படாதிருக்க வாசலில் எலுமிச்சங்காய் கட்டுகிறோம். இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. நாம் நிற்கும் இடத்தின் வெளிச்சம் எத்தகையது என்பதை அறிந்து நிற்க வேண்டும் என்பதே இக்கதைகள் கற்பிக்கும் முதற்பாடம்.

இரண்டாவது கேள்வி, காலமும் சாவும் பற்றியது.

'பிரம்ம ராக்ஷஸ்' என்ற கதையிலே ஒருவன் சாவைக் கடக்க விரும்புகிறான். அறிவுக்கு விதிக்கப்பட்ட எல்லையையும் மீறிச் செல்கிறான். அதன் பயன் என்ன? உடலும் இல்லை, விடுதலையும் இல்லை. முடிவற்ற தாகமாக அலையும் நிலையே அவனுக்கு எஞ்சுகிறது. பேய் என்பது இறந்த மனிதன் என்றே நாம் எண்ணுகிறோம். இக்கதையின் கருத்துப்படி பேய் என்பது இறக்க மறுத்த மனிதன். ஆசையே அவனைப் பிடித்த பேய். பிணத்துக்கு உயிரூட்ட முயன்ற மேல்நாட்டு விஞ்ஞானியின் கதையை இவர் ஏன் தமிழுக்குக் கொண்டுவந்தார் என்பதும் இங்கே விளங்குகிறது. அங்கே ஆய்வுகூடம், இங்கே மந்திரசாதனை. இரண்டிலும் எல்லை கடந்த வேட்கை ஒன்றே. 'கபாடபுரம்' என்னும் கதையில் கடல்கொண்ட பாண்டியர் தலைநகரையே அவர் கனவுபோல எழுப்பிக் காட்டுகிறார். ஒரு நகரமும் ஒரு நாகரிகமும் கூடச் சாக மறுத்து நம் கற்பனைக் கடலின் அடியிலே அலைந்துகொண்டிருக்கக்கூடும்.

இந்தக் கதைகளுக்கு நேரெதிரே வேறொரு கதையை நிறுத்திப் பார்க்க வேண்டும். அது 'காலனும் கிழவியும்'. எமன் எருமைக்கடா மீதேறி ஓர் ஏழைக் கிழவியின் குடிசைக்கு வருகிறான். அவன் வருகைக்கு உலகமே நடுங்க வேண்டும். கிழவி மருதாயியோ நடுங்கவில்லை. யாரோ வழிப்போக்கன் வந்ததுபோல அவனோடு வாயாடுகிறாள். உயிரை மட்டுந்தானே உன்னால் கொண்டுபோக முடியும், இந்த உடம்பைத் தூக்கிச் செல்லும் திறமை உனக்கு உண்டா என்னும் பொருள்படக் கேட்டு அவனை மடக்குகிறாள். காலன் தோற்றுத் திரும்புகிறான். சாவை வெல்லத் துடித்த அறிஞன் பேயாகிறான். சாவைப் பொருட்படுத்தாத கிழவி காலனை வெல்கிறாள். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் ஆசிரியரின் சிந்தனை முழுமையாகத் தெரிகிறது. அச்சத்தைப் பிறப்பிப்பது சாவு அன்று. சாவோடு நாம் செய்துகொள்ள மறுக்கும் சமாதானமே.

'சிற்பியின் நரகம்' என்ற கதையும் ஒரு கொடுங்கனவே. காவிரிப்பூம்பட்டினத்துச் சிற்பி சாத்தன் தன் வாழ்நாளையெல்லாம் செலவிட்டு நடராச வடிவம் ஒன்றை ஆக்குகிறான். அது கோயிலில் இடம்பெறுகிறது. பிறகு அவன் காணும் கனவிலே, எண்ணற்ற மக்கள் வருகிறார்கள், தங்களுக்கு முத்தி வேண்டும் என்று ஓலமிடுகிறார்கள், போகிறார்கள். சிலையை ஏறெடுத்துப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை. இந்தக் கனவில் பேய் இல்லை, இரத்தம் இல்லை. ஆயினும் நம் உடல் சிலிர்க்கிறது. கொட்டாஞ்சேனையிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் மீளக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குப் போகிறவர்கள், அடுத்தமுறை ஒரு தூணின் முன் சற்றே நின்று பாருங்கள். உளி பிடித்த கை எவருடையது என்று நாம் கேட்டதுண்டா? தன்னைப் பற்றிய வேண்டுதலைத் தவிர வேறெதையும் காணாத கண்களின் கூட்டத்தை, சாத்தன் நரகம் என்று கண்டான்.

இது நம்மை மூன்றாவது கேள்விக்கு, மிகவும் கடினமான கேள்விக்குக் கொண்டுபோகிறது. நாம் அஞ்ச வேண்டியது எதற்கு?

'மகாமசானம்' என்றால் பெரிய சுடுகாடு. தலைப்பைக் கண்டவுடன் எலும்பும் ஓரியும் நிறைந்த ஒரு காட்டை எதிர்பார்ப்போம். கதை நிகழும் இடமோ, சென்னை மாநகரின் சந்தடி மிக்க பெருவீதி. மாலை நேரம், வாகனங்களும் மக்களும் விரைந்துகொண்டிருக்கிறார்கள். நடைபாதையோரத்திலே கிழப் பிச்சைக்காரன் ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான். துணையாக இருப்பவன் இன்னொரு பிச்சைக்காரன். பழம் வாங்க வந்த ஒருவரின் சிறு பெண்குழந்தை மட்டும் நின்று அந்தச் சாவைப் பார்க்கிறது. குழந்தைக்கு அது சாவு என்று தெரியாது. பெரியவர்களுக்குத் தெரியும், ஆனால் அவர்கள் பார்ப்பதில்லை. கதை அவ்வளவே. பேய்கள் எங்கே என்று கேட்டால், அதோ, வேகமாகக் கடந்து போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பதே விடை.

நம் நாட்டோடு தொடர்புடைய கதை ஒன்றும் அவர் எழுதியிருக்கிறார். அது 'துன்பக்கேணி'. திருநெல்வேலிச் சீமைக் கிராமம் ஒன்றிலிருந்து பிழைப்புக்காக இலங்கையின் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேரும் மருதி என்ற ஏழைப் பெண்ணின் வாழ்வு அதிலே சொல்லப்படுகிறது. காஞ்சனையைப் படிக்கும்போது யன்னலைச் சாத்திக்கொள்ளத் தோன்றும். துன்பக்கேணியைப் படித்தால் சாத்துவதற்கு யன்னலே இல்லை என்று தெரியவரும். அங்கே மனிதரை உறிஞ்சுவது காட்டேறியன்று. கூலிக் கணக்கும், கங்காணியின் ஆட்சியும், கேட்பாரற்ற நிலையுமே. நாம் மாலையில் அருந்தும் தேநீரின் நிறம் எதனுடையது என்ற ஐயம் ஒரு கணம் எழுந்தால், அக்கதை தன் வேலையைச் செய்துவிட்டது.

இதைக் கொழும்பிலே வாழ்ந்த தமிழ் மக்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1983 ஆம் ஆண்டு யூலை மாதத்தின் கடைசி வாரத்தில் இந்நகரில் இருந்தவர்கள், விளக்கை அணைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் மூச்சடக்கி நின்ற இரவுகளை அறிவார்கள். அந்த இரவுகளில் எவரும் முனிக்கோ மோகினிக்கோ அஞ்சவில்லை. ஒழுங்கையில் கேட்ட காலடியோசைக்கு அஞ்சினார்கள். அந்தக் கால்கள் தரையில் நன்றாகவே பாவியிருந்தன. அதே இரவுகளில் பின்மதிலால் வந்து மெல்லக் கதவைத் தட்டி, "எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்" என்று அழைத்துச்சென்ற சிங்கள அயலவரும் இருந்தார்கள். தட்டும் ஓசை ஒன்றுதான். கதவைத் திறக்கும்வரை நிற்பது பேயா மனிதனா என்று தெரியாது. திறந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. அரை வெளிச்சத்தில் வாழ்வது என்பதன் முழுப்பொருளை அன்று நாம் கற்றோம்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பது நம் பழமொழி. அச்சங்கொண்டவன் எல்லாவற்றிலும் பேயைக் காண்கிறான் என்பது அதன் நேர்ப்பொருள். அயலவனிலும் பேயைக் காண்பான், அந்நியனிலும் காண்பான், வேறு மொழி பேசுவோனிலும் காண்பான் என்று பொருளைச் சற்று நீட்டிப் பார்க்கலாம். அச்சம் என்பது இரவுப்பொழுதின் விளையாட்டு அன்று. அது ஒரு சமுதாயத்தின் பகற்பொழுதையும் ஆளக்கூடியது. ஆகையினால் அச்சத்தை ஆராய்வது பொழுதுபோக்கு வேலை ஆகாது. புதுமைப்பித்தனின் பேய்க்கதைகளை வெறும் சிலிர்ப்புக்காகப் படித்துவிட்டு மூடி வைத்தல் தகாது என்று நான் கருதுவதற்குக் காரணம் இதுவே.

இவ்வளவு இருளைக் காட்டியவர் வெளிச்சம் எதையும் காட்டவில்லையா என்று நேயர்கள் கேட்கக்கூடும். அவர் உபதேசம் செய்பவர் அல்லர். ஆயினும் 'செல்லம்மாள்' என்ற கதையை நான் இங்கே நினைத்துக்கொள்கிறேன். பட்டணத்தின் ஒதுக்குப்புறத்திலே ஒரு வீடு. நெடுநாள் நோயுற்றிருந்த மனைவி செல்லம்மாள் இரவிலே இறந்துபோகிறாள். வீட்டிலே அவளும் கணவன் பிரமநாயகம் பிள்ளையும் தவிர வேறெவரும் இல்லை. நள்ளிரவு, தனிமை, பிணம். பேய்க்கதைக்கு வேண்டிய அத்தனை பொருளும் அங்கே கூடியிருக்கின்றன. ஆனால் அக்கதையிலே அச்சம் என்பது தலைகாட்டவே இல்லை. கணவன் தன்னந்தனியனாக அவள் உடலை நீராட்டுகிறான், பொட்டிட்டு அலங்கரிக்கிறான், அருகே அமர்ந்திருக்கிறான். அவ்வளவுதான். காஞ்சனையிலே உயிருள்ள ஒரு பெண்ணைக் கண்டு நடுங்குகிறான் ஒருவன்; இங்கே உயிரற்ற பெண்ணின் அருகில் ஒருவன் அமைதியாய் இருக்கிறான். நடுவில் நின்ற வேறுபாடு எது? அறிவு அன்று, பிரமநாயகம் பிள்ளை எழுத்தாளனைவிடக் கற்றவர் அல்லர். அவர் அந்தப் பெண்ணை அறிந்திருந்தார், அவளுக்காக உழைத்திருந்தார், அவளோடு துன்பத்தைப் பங்கிட்டிருந்தார். தெரிந்த முகத்திலே பேய் குடியிருப்பதில்லை.

என் ஆச்சியின் கேள்விக்கு விடை தெரியவில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். இப்பொழுதும் தெரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று நினைவுக்கு வருகிறது. நான் அந்தப் புளியமரத்தடியைத் தாண்டி அஞ்சி ஓடியது தனியே வந்த நாட்களில்தான். ஆச்சியின் விரலைப் பற்றிக்கொண்டு அதே மரத்தடியால் எத்தனையோ இரவுகள் கோயில் திருவிழா பார்த்துத் திரும்பியிருக்கிறேன். அப்பொழுது ஓடவேண்டும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை. முனி அப்பொழுதும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அல்லது எப்பொழுதும் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். எதுவாயினும், கையிலே ஒரு கை இருந்தது.

புதுமைப்பித்தனின் ஆக்கங்கள் 2002 இல் தமிழ்நாட்டு அரசால் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. இன்று எவரும் எளிதிற் பெற்றுப் படிக்கலாம். 'காஞ்சனை'யை ஓர் இரவில் படியுங்கள். 'மகாமசானம்' கதையை மறுநாட் பகலில் படியுங்கள். படித்துவிட்டுக் காலி வீதியாலோ செம்மாங்கோட்டுத் தெருவாலோ நடந்து போகும்போது, நடைபாதையோரத்திலே படுத்திருப்பவரை ஒரு கணம் நின்று பாருங்கள். அந்தக் கதையில் நின்று பார்த்தது ஒரு குழந்தை மட்டுமே என்பதை மறவாதீர்கள்.